"நானே பண்றேன்": மழலையர் வகுப்புப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெருந்துறைக்கும் ஊத்துக்குளிக்கும் நடுவில் ஒரு கிராமத்து மழலையர் பள்ளியில் 19 வருடமாக டீச்சராக இருக்கிறேன். பிரீகேஜி, எல்கேஜி, யூகேஜி எல்லாம் சேர்த்து நாற்பது பிள்ளைகள். காலையில் வண்டியை ஆஃப் பண்ணாமலே அப்பா அம்மா கேட்கிற கேள்வியும், சாயங்காலம் கூட்டிப் போக வந்த அப்பாருவும் அம்மிச்சியும் (தாத்தாவும் பாட்டியும்) திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற கேள்வியும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: பிள்ளை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள எப்போது, எப்படிப் பழக்குவது? அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

"மூணு வயசுதானுங்க ஆச்சு. அதுக்குள்ள எல்லாத்தையும் அவனே செய்யோணுங்களா?"

எல்லாத்தையும் இல்லைங்க. செருப்பைக் கழற்றி இடத்தில் வைப்பது, டம்ளரில் தண்ணீர் குடிப்பது, ஒன்றுக்கு வந்தால் சொல்வது, தன் வட்டலில் (சாப்பாட்டுத் தட்டில்) இருப்பதைத் தன் கையால் உண்பது. மூன்று வயதுக்கு இவ்வளவு போதும். இதிலும் சிந்தும், சிதறும், ஒரு நாள் செய்ததை மறுநாள் மாட்டேன் என்று நிற்கும். அதுவும் சேர்த்துத்தான் பழக்கம்.

ஒன்றரை வயதிலிருந்தே பிள்ளைகள் "நானு, நானு" என்று நம் கையைத் தட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கரண்டியைப் பறிக்கும், சட்டையைப் பிடுங்கும். நாம் அதற்கு அடம் என்று பேர் வைத்துவிடுகிறோம். அந்த வயதின் வேலையே அதுதான் என்று எரிக் எரிக்சன் என்ற உளவியல் அறிஞர் 1950இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். 'என்னால முடியும்' என்கிற தெம்பு வேரூன்றுவதும், 'நான் தொட்டாத் தப்பாப் போயிரும்' என்கிற கூச்சம் வேரூன்றுவதும் அந்த ஒன்றரை, இரண்டு வருடத்தில்தான். இரண்டு வயதில் "நானு" என்று கேட்டபோது விடாமல் வைத்திருந்த பிள்ளை, நாலு வயதில் காலை நீட்டிக்கொண்டு "நீங்க போட்டு உடுங்க" என்று உட்கார்ந்திருப்பதை வருடா வருடம் பார்க்கிறேன். அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

"எந்த வயசுல எது வரும்னு ஒரு கணக்குச் சொல்லுங்க டீச்சர்."

ஆறு மாதம் முன்னே பின்னே இருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். மாட்டுவதற்கு முன்னால் கழற்றுவது வரும். இரண்டு, இரண்டரை வயதில் எலாஸ்டிக் டவுசரைக் கீழே இறக்கிவிடும். மூன்றில் அதையே மேலே ஏற்றும். பெரிய பொத்தான் மூன்றரை, நாலில் வரும். சின்னப் பொத்தானுக்கும் ஜிப்பைக் கோத்து இழுப்பதற்கும் இன்னும் கொஞ்சம் நாளாகும். ஷூ லேஸ் கட்டுவது ஐந்து, ஆறு வயதுக்கு மேல்தான். அதனால் எல்கேஜி பிள்ளைக்கு லேஸ் ஷூ வாங்கவே வேண்டாம், ஒட்டுகிற ஷூ வாங்குங்கள். பெல்ட், டை இரண்டையும் எங்கள் பள்ளியில் எடுத்தே விட்டோம். அவசரமாக ஒன்றுக்குப் போக ஓடும் பிள்ளைக்கு பெல்ட் ஒரு பூட்டு.

"காலையில எட்டரைக்குள்ள கம்பெனியில இருக்கோணும். அவனாச் சட்டை போடற வரைக்கும் எப்படிங்க காத்திருக்கறது?"

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். மற்ற எல்லாக் கேள்விக்கும் ஆணிவேர் இதில் இருக்கிறது.

என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் வேலைக்கு வந்த புதிதில் மூன்றரைக்கு மணி அடிப்போம். அதே மூன்றரைக்கு வேன் வந்து ஆரன் அடிக்கும். நானும் ஆயாம்மாவும் குத்தவைத்து உட்கார்ந்து, அத்தனை பிள்ளைக்கும் எங்கள் கையாலேயே செருப்பு மாட்டி, பையை மாட்டி ஏற்றிவிடுவோம். ஐந்தே நிமிடத்தில் வகுப்பு காலி. அதைச் சாமர்த்தியம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு ஏப்ரல் மாதம், வருடம் முடிகிற சமயத்தில், யூகேஜி பிள்ளைகளைப் பார்த்து "அவங்கவங்க செருப்பை அவங்கவங்க மாட்டுங்க சாமி" என்றேன். பாதிப் பேர் அப்படியே நின்றார்கள். ஒரு பெண் பிள்ளை இரண்டு செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து காலை நீட்டியது. நன்றாகப் படம் வரையும் பிள்ளை, முழுப் பாட்டையும் மனப்பாடமாகப் பாடும். இரண்டு வருடமாக அந்தக் காலில் செருப்பு மாட்டியது என் கை. அது கற்றுக்கொண்டது காலை நீட்டுவதைத்தான்.

அடுத்த ஜூனில் மணியை மூன்றேகாலுக்கு மாற்றினோம். மாற்றியது அது ஒன்றுதான். முதல் வாரம் அழுகை, இடதுவலது மாற்றிய செருப்பு, வேன்காரர் முகச்சுளிப்பு எல்லாம் இருந்தது. ஆடி பிறப்பதற்குள் கால் மணி நேரமே மிச்சமாகத் தெரிந்தது.

அந்த வருடம் ஒரு நாலு வயதுப் பையனைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வார் ஒட்டுகிற செருப்பு. வாரைப் பிரிக்காமலே காலை நுழைத்துப் பார்த்தான், விரல் மடங்கியது. எடுத்தான். செருப்பைத் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தான். வாரை இழுத்தான், 'சர்ர்' என்று பிரிந்தது. அந்தச் சத்தம் பிடித்துப் போய் நாலைந்து தடவை ஒட்டி ஒட்டிப் பிரித்தான். என் கை துறுதுறுத்தது. வெளியே ஆரன் அடிக்கிறது. அவனுக்கு அது காதிலேயே விழவில்லை, நாக்கு ஓரமாக வெளியே வந்திருக்கிறது. குதிகால் உள்ளே போனது. வாரை இழுத்து ஒட்டி, அதன் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான், எங்கள் ஆயாம்மா தட்டுகிற அதே மாதிரி. இவன் இத்தனை நாளும் அவர் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். செய்து பார்க்க நாங்கள்தான் நேரம் தரவில்லை.

வீட்டில் காலை நேரத்தில் இது நடக்காது என்று எனக்கும் தெரியும். அதனால் காலையில் பழக்க வேண்டாம். காலையில் நீங்களே மாட்டிவிடுங்கள், அதற்காக மனதை உறுத்திக்கொள்ளவும் வேண்டாம். சாயங்காலம் வீட்டு உடுப்பு மாற்றும்போது பழக்குங்கள், அப்போது எந்த மணியும் அடிக்கப் போவதில்லை. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு காரியம். அதிலும் கடைசிப் படியை முதலில் கொடுங்கள். டவுசரை முட்டி வரைக்கும் நீங்கள் ஏற்றுங்கள், முட்டியிலிருந்து இடுப்புக்கு அவன் இழுக்கட்டும். 'முடிச்சது நான்' என்கிற சந்தோஷம் அவனுக்குப் போய்ச் சேரும். அது கைவந்ததும் கணுக்காலில் விடுங்கள். பிறகு தரையில் விரித்து வைத்தாலே போதும். டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1976இல் எழுதிய கட்டுரையில், பெரியவர்கள் தரும் இந்த மாதிரி உதவியை வீடு கட்டும்போது போடும் சாரத்துக்கு ஒப்பிட்டார்கள். சுவர் எழும்ப எழும்பச் சாரத்தைப் பிரித்துக்கொண்டே வர வேண்டும். கிரகப்பிரவேசம் முடிந்தும் சாரத்தோடு நிற்கிற வீட்டை நாம் பார்த்ததில்லை.

இன்னொன்று, சட்டையின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று பிள்ளைக்கு ஓர் அடையாளம் வேண்டும். முன்னெல்லாம் பனியனில் லேபிள் தைத்திருக்கும், 'லேபிள் முதுகுக்கு' என்று சொன்னால் போதும். இப்போது லேபிளுக்குப் பதில் அச்சடித்துவிடுகிறார்கள், இரண்டு தடவை துவைத்தால் அழிந்துவிடுகிறது. திருப்பூர் பக்கத்தில் இருக்கிற நமக்கு ஊசி நூல் பஞ்சமா? பின்கழுத்து உள்பக்கம் சிவப்பு நூலில் இரண்டு தையல் போட்டுவிடுங்கள். செருப்புக்கும் அப்படித்தான். ஒரு பொம்மை ஸ்டிக்கரை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை இடது செருப்பின் உள்பக்க ஓரத்திலும் மறுபாதியை வலது செருப்பிலும் ஒட்டுங்கள். சரியாகச் சேர்த்து வைத்தால் பொம்மை முழுசாகத் தெரியும்.

"அம்மிச்சி ஊட்டுனாத்தானுங்க உங்கறான். ஸ்கூல்ல டப்பாவை அப்படியே கொண்டு வந்தர்றான்."

அம்மிச்சி ஊட்டுவதை நிறுத்தச் சொல்லவே மாட்டேன். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து, ஆறவைத்து, உருட்டி, "காக்காய்க்கு ஒரு வாய், கண்ணுக்கு ஒரு வாய்" என்று ஊட்டுகிற கையின் அருமை எனக்குத் தெரியும். நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் ராத்திரிச் சோறு அம்மிச்சி கையால் என்றால், மத்தியானச் சோறு அவன் கையால் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

பள்ளி சேர்வதற்கு ஒரு மாதம் முன்னாலேயே வீட்டில் அந்த டப்பாவிலேயே கொடுத்துப் பழக்குங்கள். மூடியை அவனே திறக்க வேண்டும். கடையில் இறுக்கமாகப் பூட்டுகிற டப்பாவைத் தேர்ந்தெடுப்பது ஒழுகாமல் இருக்கட்டும் என்றுதான், ஆனால் அதைத் திறக்க எனக்கே நகம் உடைகிறது. வாங்கும்போது பிள்ளையையும் கூட்டிப் போய், கடையிலேயே அவன் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். சோறு கொஞ்சம் கெட்டியாக இருந்தால் கையில் நிற்கும். ரசஞ்சோறு அவனுக்கு இன்னும் ஒரு வருடம் போகட்டும். இட்லியைத் துண்டாக்கி வைக்கலாம். இடியாப்பம் மாதிரி இருக்கும் சந்தகையைக் கத்தரியால் நறுக்கித் தேங்காய்ப்பூ போட்டுக் கொடுத்தால் எங்கள் பிள்ளைகள் வட்டலை வழித்துவிடுகிறார்கள்.

அளவைக் குறைத்து வையுங்கள். டப்பா காலியானால் அவனுக்கே ஒரு பெருமை. மறுபடி வேண்டும் என்று கேட்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. நிலக்கடலை விளைகிற ஊர் நம்முடையது, பிள்ளை கையில் எப்போதும் நாலு கடலை இருக்கும். ஐந்து வயதுக்கு உள்பட்ட பிள்ளைக்கு முழுக் கடலை கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். இடித்துப் பொடியாக்கி வெல்லம் சேர்த்துக் கொடுங்கள். திராட்சையையும் நீளவாக்கில் நறுக்கித்தான் தர வேண்டும்.

"போன் காட்டுனா ஒரு வாய் சேத்தி உங்கறான், அது தப்புங்களா?"

அவன் உண்பதில்லை, அவன் வாய்க்குள் சோறு போகிறது. பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. நிறுத்திவிடுங்கள். நாலு நாள் குறைவாக உண்பான், பயப்பட வேண்டாம்.

"தண்ணியைத் தரை பூரா ஊத்தி வெச்சர்றான். அவன்கிட்டச் சொம்பைக் கொடுக்கவே பயமா இருக்குது."

சின்னச் சொம்பு, பாதித் தண்ணீர். பக்கத்தில் ஒரு துணி. எங்கள் வகுப்பில் பனியன் வேஸ்ட் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, பிள்ளைகள் இடுப்பு உயரத்தில் ஒரு ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். கொட்டினால் யாரும் சத்தம் போடுவதில்லை, "துணி எங்க இருக்குது?" என்று மட்டும் கேட்போம். கொட்டியவனே துடைத்துவிட்டு வந்து உட்காருவான். துடைக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கொட்டுவதில் பயம் போய்விடும். பயம் போனால் கை நடுங்காது.

"டாய்லெட் பழக்காம ஸ்கூலுக்குத் தாட்டி உடலாமுங்களா?"

விடலாம். பகலில் ஒன்றுக்கு, இரண்டுக்குச் சொல்லத் தெரிவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு வயதுக்கும் மூன்றரைக்கும் நடுவில் வருகிறது. ராத்திரி படுக்கையை நனைப்பது ஐந்து வயது வரைக்கும் சாதாரணம். அதை ஒறம்பரை (உறவுக்காரர்கள்) முன்னால் சொல்லிச் சிரிப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பிள்ளைக்குப் புரியும், நெஞ்சில் தைக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: மாற்று உடுப்பு இரண்டு செட் பையில் இருக்கட்டும், எலாஸ்டிக் வைத்த டவுசராக இருக்கட்டும். டயப்பரை வீட்டில் இருக்கும் பகல் நேரத்தில் நிறுத்துங்கள், ஈரம் தெரிந்தால்தான் உணர்வு வரும். உங்கள் வீட்டில் எந்த வார்த்தை சொல்வீர்களோ அதை எங்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு பிள்ளை ஒரு வாரம் முழுக்க "ஜோஜோ" என்று சொல்லிக்கொண்டிருந்தது, தூக்கத்துக்குக் கேட்கிறது என்று நினைத்து மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்தேன். பாவம், என் மடியிலேயே நனைத்துவிட்டு அழுதது. மறுநாள் அவங்கம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீட்டில் வெஸ்டர்ன், பள்ளியில் இந்தியன் என்றால் சில பிள்ளைகளுக்குக் குழியைப் பார்த்துப் பயம் வரும். முதல் சில நாள் ஆயாம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும். கழுவுவதற்கு அரை லிட்டர் பிடிக்கிற சின்ன மக் வைத்திருக்கிறோம், பெரிய மக் பிள்ளை கைக்குப் பாரம். பெண் பிள்ளைகளுக்கு முன்பக்கமிருந்து பின்பக்கமாகக் கழுவக் கற்றுக்கொடுங்கள், இல்லையென்றால் நீர்த்தாரையில் தொற்று வரலாம். நாலரை வயதுக்குள் சோப்புப் போட்டுக் கை கழுவுவது வரை தானே செய்யப் பழகிவிடும்.

இதில் இன்னொரு காரணமும் உண்டு, அதை நேராகவே சொல்கிறேன். தன்னைத் தானே கழுவிக்கொள்ளத் தெரிந்த பிள்ளையை, உதவி என்ற பேரில் யாரும் தொடத் தேவையிருக்காது. 'அம்மா, அம்மிச்சி, ஸ்கூல் ஆயாம்மா, இவங்க மூணு பேர்தான் கழுவி உடலாம், வேற யார் தொட்டாலும் வேண்டாம்னு கத்தோணும், வந்து சொல்லோணும்' என்று மூன்று வயதிலேயே சொல்லி வையுங்கள். ஏதாவது சந்தேகம் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடலாம், காசு கிடையாது.

"கேட்டுக்கிட்ட வந்ததும் ஒரே அழுகை. அவன் பார்க்காதப்ப நழுவிப் போயிரலாமுங்களா?"

வேண்டாம். ஒரு தடவை நழுவிப் போனால் மறுநாள் முதல் பிள்ளை உங்கள் முந்தானையையே பார்த்துக்கொண்டிருக்கும். விளையாட்டில் மனம் போகாது, எந்த நேரம் அம்மா காணாமல் போவாளோ என்று. சொல்லிவிட்டே போங்கள். குறைவாகப் பேசுங்கள், ஒரு முத்தம், "சோறு உண்டு, தூங்கி எந்திரிச்சதும் அப்பாரு டிவிஎஸ்ஸுல வருவாரு" என்று ஒரே ஒரு வாக்கியம். நாலு வயதுக்கு மூன்றேகால் மணி என்றால் என்னவென்று தெரியாது, தூங்கி எழுந்ததும் என்றால் தெரியும். சொன்னபடி அப்பாரு வந்தே ஆக வேண்டும்.

அதன் பிறகு திரும்பிப் பார்க்காமல் போங்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் அடங்கின அழுகை மறுபடி கிளம்பும். இரண்டு, மூன்று வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். காய்ச்சலில் ஒரு வாரம் லீவு போட்டாலோ, வீட்டில் தம்பிப் பாப்பா பிறந்தாலோ திரும்ப வரும், அதுவும் போய்விடும்.

"எல்கேஜி வந்தும் இன்னும் ஆனா ஆவன்னா எழுதலையே? பக்கத்து ஸ்கூல்ல நோட்டு நோட்டா எழுதறாங்க."

பென்சிலைப் பிடிப்பது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து. அந்த மூன்று விரலுக்கும் பலம் வராமல் நோட்டைக் கொடுத்தால், முஷ்டியால் பென்சிலைப் பிடித்து அழுத்தித் தாளைக் கிழிக்கும். பொத்தான் போடுவது, முருங்கைக்கீரை உருவுவது, அவரைக்காய் நார் உரிப்பது, துணியைப் பிழிவது, துணிக் கிளிப்பை அமுக்குவது எல்லாம் அதே மூன்று விரல் வேலைதான். எங்கள் வகுப்பில் பவானி ஜமுக்காளத்தை நாலு மூலைக்கு நாலு பிள்ளையாகப் பிடித்து மடிப்பார்கள். மூலையோடு மூலை சேர்ப்பதில் கணக்கும் இருக்கிறது, 'இரு, நீ இன்னும் வரலை' என்று ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பதும் இருக்கிறது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே மூன்று முதல் எட்டு வயது வரை அடிப்படை நிலை என்று பிரித்து, விளையாட்டும் செய்கையுமாகக் கற்க வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையில் மற்ற விஷயங்களில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். இந்த ஒன்றில் எந்த நர்சரி டீச்சருக்கும் மறுப்பு இருக்காது. யூகேஜி நடுவில் எழுத ஆரம்பிப்பார்கள். பிடி சரியாக இருந்தால் இரண்டே மாதத்தில் எழுத்து ஓடி வரும்.

"இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம் இல்லீங்களா?"

ஒரு அப்பாரு கேட்டார். அவரிடமே திருப்பிக் கேட்டேன், "நீங்க நாலு வயசுல என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" யோசித்துவிட்டு, ஆட்டுக்குட்டியைக் கயிறு பிடித்துக் கட்டுத்தரைக்குக் கொண்டு போனதையும், பொடக்காளியில் (வீட்டுப் பின்பக்கத்தில்) தானே குளித்ததையும், தோட்டத்துக்குத் தூக்குப்போசியில் கம்மங்கூழ் கொண்டு போனதையும் சொன்னார். நம் அப்பன் பாட்டன் எல்லாம் இப்படி வளர்ந்தவர்கள்தான். வீடு சின்னதாகி, வேலை அவசரமாகி, ஒற்றைப் பிள்ளை ஆன பிறகுதான் நாமே எல்லாம் செய்துவிட ஆரம்பித்தோம்.

வெளியிலிருந்து வந்ததும் உண்டு. மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய டாக்டரம்மா 1907 ஜனவரி 6ஆம் தேதி ரோமாபுரியில் கூலிவேலை செய்யும் குடும்பங்கள் இருந்த ஒரு பகுதியில் குழந்தைகள் இல்லம் ஆரம்பித்தார். அப்பா அம்மா வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் பார்ப்பாரின்றித் திரிந்த இடம். திருப்பூரைச் சுற்றியிருக்கும் நமக்கு அந்த நிலைமை புதிதில்லை. அவர் ஒரு நாள், கைக்குட்டையால் சத்தமில்லாமல் மூக்குச் சிந்துவது எப்படி என்று பொறுமையாகச் செய்து காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மூக்கைத் துடை, துடை என்று எல்லாரும் திட்டுகிறார்கள், எப்படித் துடைப்பது என்று அதுவரை யாரும் காட்டவில்லை. அந்தம்மா 1939இல் மெட்ராஸுக்கு வந்தார், உலகப் போரினால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அதில் சில காலம் இருந்தது நம் பழனி மலைக்கு மேலே கொடைக்கானலில்தான்.

"ஆம்பளைப் பையன் எதுக்குங்க வட்டல் கழுவோணும்?"

அவன் உண்ட வட்டல், அதனால்.

"அடிச்சா திருப்பி அடின்னு சொல்லி உட்டிருக்கேன். சரிதானுங்களா?"

உங்கள் கவலை புரிகிறது, பிள்ளை ஏமாளியாக இருந்துவிடக் கூடாது என்று. ஆனால் திருப்பி அடித்த பிள்ளையும் அழுதுகொண்டுதான் என்னிடம் வருகிறது. நாங்கள் கற்றுக்கொடுப்பது, கையை முன்னால் நீட்டி, கண்ணைப் பார்த்து, உரக்க "வேண்டாம்" என்பது. கூச்சமான பிள்ளைக்கு இந்த ஒரு சொல் வாயில் வர ஒரு மாதம் ஆகும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழக்குங்கள். நீங்கள் கிச்சுக்கிச்சு மூட்டும்போது அவன் "வேண்டாம்" என்றால் உடனே நிறுத்துங்கள். வீட்டில் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்தால்தான் வெளியில் நம்பிச் சொல்லுவான்.

"எங்க கம்பெனியில ஒடிசாக்காரங்க இருக்காங்க. தமிழே தெரியாத அவங்க பிள்ளைய சேர்த்தா சமாளிச்சுக்குமுங்களா?"

எங்களிடம் வருடத்துக்கு மூன்று நாலு பேர் வருகிறார்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும். தண்ணீர், ஒன்றுக்கு, வலி, பசி, போதும், இந்த ஐந்துக்கும் படம் வரைந்த அட்டையைச் சுவரில் பிள்ளை உயரத்தில் ஒட்டியிருக்கிறோம். தொட்டுக் காட்டினால் போதும். நாங்களும் அவர்கள் சொல்லைக் கற்றுக்கொண்டோம். தண்ணீருக்கு இந்தியிலும் ஒடியாவிலும் ஏறக்குறைய ஒரே சொல், பானி. செருப்பு மாட்டவும் துணி எடுத்துத் துடைக்கவும் பேச்சு தேவையில்லை, பார்த்தே செய்கிறார்கள். பல வருடங்களில் வகுப்பில் முதலில் பொத்தான் போடக் கற்றவர்கள் அவர்கள்தான். தீபாவளிக்குள் "ஏனுங்க டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

"இப்ப ரொம்பத் தைரியமாயிட்டான், சொல்லாமக் கொள்ளாம வெளிய போயர்றான்."

இதில் எனக்கு எந்தத் தளர்வும் கிடையாது. தண்ணீர், நெருப்பு, ரோடு, கரண்ட் நான்கிலும் பிள்ளைக்குச் சுதந்திரம் இல்லை. நம் தோட்டத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கும், தொட்டி இருக்கும். ஆடி, ஆவணியில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் இன்னும் கவனம் வேண்டும். சின்னப் பிள்ளை மூழ்க ஒரு சாண் தண்ணீர் போதும், சத்தமும் வராது. 'என்னைக் கேட்டுட்டுத்தான் வாசப்படி தாண்டோணும்' என்பதை நூறு தடவை சொல்லுங்கள், வாசப்படிக்கு வெளியே உங்கள் கண்ணும் கூடவே இருக்கட்டும். வாசப்படிக்கு உள்ளே எவ்வளவு செய்ய விடுகிறோமோ அவ்வளவுக்கு, வெளியே கூடாது என்று சொல்வது அவன் காதில் ஏறும். எதைத் தொட்டாலும் "வேண்டாம்" என்று கேட்டுப் பழகின பிள்ளைக்குக் கிணற்றடியில் சொல்கிற "வேண்டாம்" தனியாகத் தெரியாது.

"மத்தப் பிள்ளைக எல்லாம் செய்யுது, இவன் மட்டும் செய்யறதில்லை. டாக்டர்கிட்டக் காட்டோணுமா?"

பொத்தான் போட வராததற்கு மட்டும் வேண்டாம். ஆனால் இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, அல்லது முன்னால் செய்துகொண்டிருந்ததை இப்போது விட்டுவிட்டான் என்றால் தள்ளிப் போடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே ஆரம்ப இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது, செலவில்லை. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று ஒரு வருடம் காத்திருந்துவிட்டு வந்த பெற்றோரை எனக்குத் தெரியும். காட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நிம்மதி, இருந்தால் அந்த ஒரு வருடம் மிச்சம். அதுவரையிலும் வகுப்பில் அவனுக்கு ஏற்ற படியில் அவனும் செய்வான், யாரோடும் ஒப்பிட மாட்டோம்.

"மே லீவுல என்னங்க பழக்கறது?"

காசு செலவு பண்ணிக் கேம்ப் எதுவும் வேண்டாம். கீரை ஆயும்போது ஒரு கட்டு அவன் முன்னால் வையுங்கள். துவைத்த துணியில் அவன் சட்டையை மட்டும் அவனே மடித்து, கைக்கு எட்டும் உயரத்தில் அவனுக்கென்று ஒரு அலமாரித் தட்டில் வைக்கட்டும். கோணலாகத்தான் மடிப்பான், அவன் போன பிறகு நீங்கள் திருப்பி மடிக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவான். செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் தினமும் அவன் பொறுப்பு. ஊருக்குப் போனால் அவன் பையை அவனே தோளில் போட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கட்டும், பையில் ஒரு டவுசரும் ஒரு பொம்மையும் இருந்தால் போதும். பாதி வழியில் "தூக்கிக்கங்க" என்பான். பையை வாங்கிக்கொள்ளுங்கள், பொம்மையை அவன் கையிலேயே விடுங்கள்.